நத்தை எங்க போன, டீச்சர்?

சென்ற வருடம் தரம் எட்டுக்கான இரண்டாந் தவணைத் தமிழ் வினாத்தாளைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வாசித்து விளங்கும் பகுதிக்கு எதைப் போடுவது என்று யோசித்தேன். தூக்கணாங்குருவியும் தேனீயும் கறையான் புற்றும் மாறி மாறி வந்து பிள்ளைகளுக்கும் அலுத்துவிட்டது, திருத்துகிற எங்களுக்கும் அலுத்துவிட்டது. ஆகவே ‘வீடு’ என்ற தலைப்பில் நானே ஒரு பந்தி எழுதினேன். ஆபிரிக்காவின் வாவியொன்றில் வெறும் நத்தைக் கூட்டுக்குள் குடியிருக்கும் விரலளவு மீனொன்றைப் பற்றி அதில் நாலு வரி இருந்தது. விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்த அன்று பின்வாங்கிலிருந்து ஒரு மகன் எழும்பினான்.

“டீச்சர், மீன் கூட்டுக்குள்ள போன சரி. அதுக்குள்ள இருந்த நத்தை எங்க போன?”

“செத்துப் போயிருக்கும் மகன்.”

“மீன் திண்டு செத்ததா, தானாச் செத்ததா?”

மணி அடித்துவிட்டது. ‘நாளைக்குச் சொல்றன்’ என்று சமாளித்துக்கொண்டு வெளியே வந்தேன். உண்மையில் எனக்கு விடை தெரியாது. ‘இம்மீன் எதை வீடாகக் கொள்கிறது?’ என்று கேட்டு இரண்டு புள்ளி போட்டவளுக்கு, அந்த வீட்டின் பழைய சொந்தக்காரர் என்னவானார் என்று தெரியவில்லை. சிறப்புப் பட்டத்துக்குப் படித்தது தமிழ். விலங்கியல் அல்ல என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பந்தியை எழுதியது நான்தானே. அந்த ‘நாளைக்கு’ வர எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்தது. தேடிப் படித்தபோது, அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்குள்தான் இந்த மீனின் முழுக் கதையும் கிடக்கிறது என்று விளங்கியது.

மீனை நான் முதலில் கண்டது தம்பியிடத்தில். அலங்கார மீன் வளர்த்து விற்பது அவன் தொழில். ஒரு நாள் போனபோது கண்ணாடித் தொட்டியொன்றில் வெறும் மணலும் எட்டுப் பத்து நத்தைக் கூடுகளும் மட்டும் கிடந்தன. செடி இல்லை, கல் இல்லை, மீனும் இல்லை. “தொட்டியக் கழுவப் போறியா?” என்று கேட்டேன். “விரல வெச்சுப் பாருங்க ராத்தா” என்றான். வைத்தேன். மணலில் புதைந்திருந்த ஒரு கூட்டின் வாயிலிருந்து பொன்னிறத்தில் ஏதோ ஒன்று அம்பு மாதிரி வந்து விரலைக் கொத்திவிட்டு அதே வேகத்தில் உள்ளே போய்விட்டது. வலிக்கவில்லை. ஆனால் நான் கையை எடுத்துவிட்டேன். என் விரலின் நீளம்கூட இல்லாத மீன், தன் வாசலில் நின்று என்னை விரட்டியது. அதன் பெயர் லாம்ப்ரோலோகஸ் ஒசெல்லாட்டஸ் என்று அவன்தான் சொன்னான். செவுள் மூடியில் கண் போன்ற ஒரு பொட்டு இருப்பதால் அந்தப் பெயர்.

இந்த மீன்களின் சொந்த ஊர் தங்கானிக்கா வாவி. தன்சானியா, கொங்கோ, புருண்டி, சாம்பியா ஆகிய நான்கு நாடுகள் அதைச் சுற்றியிருக்கின்றன. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 670 கிலோ மீற்றர் நீளம். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திர முனை வரையுள்ள தூரத்தைவிட அது அதிகம். பரப்பளவு நம் நாட்டின் பரப்பில் பாதி. ஆழம் 1,470 மீற்றர். உலகின் தரைமேலுள்ள நன்னீரில் ஆறில் ஒரு பங்களவு இந்த ஒரு வாவியிலேயே இருக்கிறது. வயதோ பல இலட்சம் ஆண்டுகளைத் தாண்டிக் கோடிக் கணக்கில் போகிறது என்று புவியியலாளர் சொல்கிறார்கள்.

கீழைக் கரையிலுள்ள உஜிஜி என்ற சிறு நகரைச் சரித்திரம் படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். சான்சிபாரிலிருந்து வந்த அறபு, சுவாஹிலி வணிகர்கள் தங்கிய முஸ்லிம் துறை அது. யானைத் தந்தமும், சொல்லக் கூசும் அடிமை வியாபாரமும் அங்கே நடந்தன. 1858இல் பேர்ட்டனும் ஸ்பீக்கும் இந்த வாவியை ‘கண்டுபிடிக்க’ வந்தபோது வணிகரின் பழகிய பாதையில்தான் வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு வந்தவர்களுள் முக்கியமான ஒருவர் சீதி முபாரக் பொம்பே. சிறு வயதில் அடிமையாகப் பிடிக்கப்பட்டு இந்தியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, விடுதலையாகித் திரும்பிய ஆபிரிக்கர். அந்தக் கரையில் பேசும் சுவாஹிலியில் மீனுக்கு ‘சமகி’ என்று பெயர். மத்ரஸாவில் ‘சமக்’ என்று படித்த நம் பிள்ளைகளுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மீனின் குடும்பமும் நமக்கு அந்நியமல்ல. சிக்லிட் என்ற பெருங்குடும்பம் அது. நம் குளங்களில் பிடித்துப் பொரிக்கும் திலாப்பியா, அதாவது ‘ஜப்பான் மீன்’ என்று நம்மவர் சொல்வது, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1950களின் தொடக்கத்தில் நம் குளங்களில் விடப்பட்ட அந்த மீனின் பூர்வீகம் ஆபிரிக்கா. ஜப்பானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயர் எப்படி ஒட்டிக்கொண்டதோ. சிங்களத்தில் ‘கொரலியா’ எனப்படும், நம் நாட்டில் இயற்கையாகவே வாழும் மீனும் சிக்லிட்தான். தங்கானிக்காவில் இந்தக் குடும்பத்தில் மட்டும் ஏறத்தாழ 250 இனங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதவை. அவற்றுள் நத்தைக் கூட்டையே நம்பி வாழ்பவை ஒரு பத்துப் பதினைந்து.

இனி நத்தைக்கு வருவோம்.

மீன் அதைத் தின்னவில்லை. வெளியே இழுத்துப் போடவும் இல்லை. இந்த மீன்களின் வாய்க்கு அது முடியாத காரியம். நீரோடு மிதந்து வரும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்று பிழைப்பவை அவை. நத்தை தானாக வாழ்ந்து தானாகச் செத்தது. அதன் பெயர் நியோதோமா. கிரேக்க மொழியில் ‘புதிய அதிசயம்’ என்று பொருள்படும். எட்கர் அல்பேட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1880இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். தங்கானிக்காவுக்கே உரியது. கூடு நாலு முதல் ஆறு சென்ரி மீற்றர் உயரம், வாய் அகலம், சுருள் உருண்டை. வயல் வரம்பில் நாம் காணும் பெரிய நத்தையின் கூட்டை மனதில் வைத்துக்கொண்டால் ஓரளவுக்குச் சரியாக இருக்கும்.

சரி, செத்தது. எந்த வாவியிலும் நத்தை சாகத்தானே செய்கிறது. எல்லா வாவியிலும் ஏன் மீன் குடியேறவில்லை? இங்கேதான் எனக்கு மெய்யாகவே ஆச்சரியம் வந்தது. வீட்டில் முட்டை ஓட்டை வினாகிரிக்குள் போட்டுப் பாருங்கள். நுரை தள்ளிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். முட்டை ஓடும் நத்தை ஓடும் ஒரே பொருள்தான், கல்சியம் காபனேற்று. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பைச் சிப்பி சுட்டு எடுத்தார்கள் என்பது நினைவிருந்தால் போதும். நீரில் சற்று அமிலத் தன்மை இருந்தாலே அது மெல்லக் கரையும். ஆனால் தங்கானிக்காவின் நீர் அமிலத்துக்கு நேர் எதிர். அதன் பீஎச் பெறுமானம் 9ஐ ஒட்டியது. நல்ல கார நீர். கரைந்த சுண்ணாம்பும் நிறைய. அந்த நீரில் ஓடு கரைவதில்லை. சில இடங்களில் அதன்மேல் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிறது. அலையும் நீரோட்டமும் மணலை அரித்துக்கொண்டு போக, பாரமான ஓடுகள் மட்டும் தங்கித் தங்கி வாவியின் அடியில் பாயாக விரிந்து கிடக்கின்றன. கிலோ மீற்றர்க் கணக்கில் அப்படிப்பட்ட படுகைகள் உண்டு.

அந்த ஓடுகளைக் கதிரியக்கக் காபன் முறையால் சோதித்தபோது சில ஓடுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை என்று தெரியவந்தது. அதாவது, சோழர் பொலன்னறுவையைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் செத்த நத்தையின் கூட்டுக்குள் இன்று ஒரு மீன் முட்டையிட்டுக்கொண்டிருக்கலாம். கேள்வி கேட்ட மகனுக்கு விடை இதுதான்: நத்தை நேற்றோ முந்தாநாளோ போகவில்லை. பல தலைமுறைக்கு முன்னே போய்விட்டது. அதன் வீடு மட்டும் நிற்கிறது.

தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது. நத்தையின் மேலிருப்பதும் ஓடு, நம் கூரையின் மேலிருப்பதும் ஓடு. பிள்ளைகள் அதைப் படிக்கும்போது ‘ஒரு சொல் பல பொருள்’ என்று பாடமாக்குகிறார்கள். இந்த மீனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வீடு ஏன் அவ்வளவு அவசியம்? திறந்த மணற்பரப்பில் ஒளிய இடமே இல்லை. பாறையும் செடியும் உள்ள கரையோரம் வேறு மீன்களுக்குச் சொந்தம். மணலில் நிற்கும் சிறு மீனைப் பெரிய மீன் கண்டால் அந்த நிமிடமே முடிந்தது. கூடு இருந்தால் உள்ளே போய்விடலாம். ஆனால் உள்ளே போக வேண்டுமென்றால் உடம்பு சிறிதாக இருக்க வேண்டும். வீட்டுக்கு ஏற்ப ஆளே சிறுத்துப்போன கதை இது. டெல்மட்டோக்ரோமிஸ் என்ற மீனில் இதை நேராகக் காணலாம். பாறைக் கரையில் வாழும்போது அது பருத்து வளர்கிறது. நத்தைக் கூட்டுப் படுகையில் வாழும் அதே மீன் குள்ளமாகவே நின்றுவிடுகிறது.

எல்லாரிலும் சிறியது நியோலாம்ப்ரோலோகஸ் மல்ட்டிபஸியாட்டஸ். நாக்குச் சுளுக்கும் இந்தப் பெயருக்குப் ‘பல பட்டையுடையது’ என்றுதான் அர்த்தம். உடம்பில் மெல்லிய கபில நிறப் பட்டைகள் வரி வரியாக ஓடுகின்றன. 1906இல் பூலஞ்சே என்ற மீனியலாளர் விவரித்தது. ஆண் மூன்று நான்கு சென்ரி மீற்றர், பெண் அதிலும் சிறிது. உலகிலேயே மிகச் சிறிய சிக்லிட்களுள் ஒன்று. வாவியின் தென்பகுதியில் கூட்டம் கூட்டமாக வாழ்கிறது. ஒரு குடும்பம் என்றால் ஒன்று தொடக்கம் மூன்று வரை ஆண்கள், சில பெண்கள், பல வயதுக் குஞ்சுகள், எல்லாமாக இருபதளவு உருப்படிகள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் கூடுகளை இவை வாயால் மண் அள்ளி அள்ளித் துப்பித் தோண்டி எடுக்கின்றன. ஒரு மீனின் வாயில் எவ்வளவு மண் பிடிக்கும்? சில மணல்மணிகள். அப்படியே தலைமுறை தலைமுறையாகத் தோண்டி, நடுவில் பள்ளமும் பள்ளத்தில் பல கூடுகளுமாக ஒரு வளவை உண்டாக்கிவிடுகின்றன. வளவுக்குள் ஒவ்வொருவருக்கும் தனித் தனிக் கூடு. பெண் தன் கூட்டின் உள்சுவரில் முட்டையிட்டுச் செட்டையால் நீர் விசிறிக் காக்கிறது. குஞ்சுகள் வெளியே வந்த பிறகும் அந்த வாசலைச் சுற்றியே வளர்கின்றன.

இதில் ஆண்பிள்ளைகள் பிறந்த வளவிலேயே தங்கிவிடுகின்றன. பெண்பிள்ளைகள்தான் வளர்ந்ததும் வேறு கூட்டத்தைத் தேடிப் புறப்படுகின்றன. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கிழக்கு மாகாணத்து ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். குடிகூடத் தாய்வழியில்தான். மகள் பிறந்த அன்றே கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கும் வாப்பாமார் நம்மிடையே உண்டு. என் வாப்பாவும் அப்படித்தான். இந்த மீனில் எல்லாம் மறுபக்கம்.

புறப்பட்டுப் போகும் பெண்ணை அங்கே யாரும் வாசலில் நின்று வரவேற்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் பெண்கள் அதைத் துரத்துகிறார்கள். கூடு அளவாகத்தான் இருக்கிறது. வருகிறவளுக்கு ஒன்று போனால் நாளைக்குத் தன் பிள்ளைக்குக் குறையும். அப்போது பெரிய ஆண் குறுக்கே வருகிறது. துரத்துகிற பெண்ணை விலக்கி, புதியவள் ஒதுங்க இடம் கொடுக்கிறது. ஷ்ராடின், லாம்ப்ரெக்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2000இல் இதை ‘ஆண் சமாதானம் காத்தல்’ என்று எழுதினார்கள். சமாதானத்தில் ஆணுக்கும் இலாபம் உண்டு, ஒரு பெண் கூடுகிறதல்லவா. அவர்கள் அதையும் மறைக்கவில்லை.

தம்பியின் தொட்டியில் என்னைக் கொத்திய ஒசெல்லாட்டஸ் வேறு சாதி. அதற்குக் கூட்டம் பிடிக்காது. ஒரு கூட்டை எடுத்தால் அதை மணலுக்குள் புதைத்து, வாய் மட்டும் மேலே தெரியும்படி வைத்துக்கொள்கிறது. புதைக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். முதலில் கூட்டைக் கவ்வியும் தலையால் முட்டியும் புரட்டுகிறது. பிறகு கூட்டின் அடியிலிருந்து மணலை வாயால் அள்ளி அள்ளி வெளியே கொண்டுபோய்த் துப்புகிறது. அடி குழியக் குழியக் கூடு தானாகக் கீழே இறங்குகிறது. சரியான சாய்வுக்கு வந்ததும், வாலை ஆட்டி மணலை மேலே வாரி இறைத்து மூடிவிடுகிறது. தன் எல்லைக்குள் மிச்சமாக இருக்கும் கூடுகளையும் இப்படியே புதைத்துவிடும். அயலான் கண்ணில் படக்கூடாது என்பது போல. நான் ஒரு முறை ஒரு கூட்டைக் கிளறி எடுத்து மணலின் மேல் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பாதி புதைந்திருந்தது. “ராத்தா, சும்மா அதுர வேலயக் கூட்டாதீங்க” என்று தம்பி ஏசினான்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது லாம்ப்ரோலோகஸ் கலிப்டெரஸ். இதைப் பற்றி ஜப்பானிய ஆய்வாளர் தெற்சு சாத்தோ 1994இல் எழுதியது இத்துறையில் முக்கியமானது. (மீன் ஜப்பானில் இல்லாவிட்டாலும் ஜப்பானிய மீனியலாளர் பலர் பல பத்தாண்டுகளாகத் தங்கானிக்காவில் வேலை செய்கிறார்கள். ‘ஜப்பான் மீன்’ என்ற பெயர் இவற்றுக்கு வைத்திருந்தால் ஓரளவுக்காவது பொருந்தியிருக்கும்.) இதில் ஆண் கூட்டுக்குள் வசிப்பதில்லை, வசிக்கவும் முடியாது. பெண்ணைவிடச் சராசரியாகப் பன்னிரண்டு மடங்கு பாரமானது. ஆண் பெரிதாகவும் பெண் சிறிதாகவும் உள்ள விலங்குகளிடையே இவ்வளவு வித்தியாசம் வேறெதிலும் அறியப்படவில்லை. யானைக் கடல்நாயில்கூட இந்த அளவு இல்லை. காரணம் நத்தைக் கூடுதான். பெண் கூட்டுக்குள் நுழையுமளவு சிறிதாக இருக்க வேண்டும். ஆண் கூட்டை வாயால் கவ்வித் தூக்கிக்கொண்டு நீந்துமளவு பெரிதாக இருக்க வேண்டும். ஏனென்றால் கூடுகளைச் சேர்ப்பது ஆணின் வேலை. அங்கிருந்தும் இங்கிருந்தும் தூக்கி வந்து ஓரிடத்தில் குவிக்கிறது. சில குவியல்களில் நூறு கூடுகளுக்கு மேல். பெண்கள் வந்து ஆளுக்கொரு கூட்டுக்குள் புகுந்து முட்டையிட்டு, பத்து நாளுக்கு மேல் உள்ளேயே இருந்து காக்கின்றன. ஆண் வெளியே காவல் நிற்கிறது. காவல் காலத்தில் சரியாக உண்பதுமில்லை. உடம்பில் சேர்த்து வைத்ததைக் கரைத்தே நிற்கிறது.

குவியல் பெரிதாக வேண்டும் என்றால் குறுக்கு வழியும் இருக்கிறது. அயலானின் குவியலிலிருந்து கூடு திருடுவது. சில வேளை திருடிய கூட்டுக்குள் ஒரு பெண்ணும் முட்டையும் இருக்கும். புதிய சொந்தக்காரனுக்கு அந்த முட்டையில் அக்கறையில்லை. பெண்ணைத் துரத்திவிடுவான், குஞ்சுகள் அழியும். இந்தப் பகுதியை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் ‘ச்சீ’ என்றார்கள். மீனுக்கு நியாயம் அநியாயம் இல்லை என்று சொன்னேன். ஒரு பிள்ளை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இதே மீனில் இன்னொரு வகை ஆணும் உண்டு. பெரிய ஆணின் பாரத்தில் நாற்பதில் ஒரு பங்களவே இருக்கும் குள்ள ஆண். அது கூடு சேர்ப்பதில்லை, காவல் நிற்பதில்லை. பெண் இருக்கும் கூட்டுக்குள் நழுவிப் போய், பெண்ணையும் தாண்டி, சுருளின் உள்முனையில் ஒடுங்கிக்கொள்கிறது. பெண் முட்டையிடும்போது பெரிய ஆண் வாசலில் நின்று கருக்கட்டச் செய்ய, குள்ளன் உள்ளே இருந்து அதே வேலையைச் செய்கிறது. இப்படியொரு ஆண் வளர்ந்து பெரிய ஆணாக மாறுவதுமில்லை. குள்ளனின் மகன் குள்ளன், பெரியவனின் மகன் பெரியவன். அது தகப்பன்வழி இறங்குகிறது என்று ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். நத்தை தன் உடம்புக்காகச் சுற்றிச் சுற்றிக் கட்டிய சுருளின் கடைசி மூலைகூட வீணாகப் போகவில்லை.

கூட்டின் அளவு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. எங்கே கூடுகள் சிறிதோ அங்கே கலிப்டெரஸ் பெண்ணும் சிறிது. ஆணும் அதற்கேற்ப அளவு மாறுகிறது. செத்த நத்தை, உயிருள்ள மீனின் உடம்பை அளந்து தைக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லாமல் இருந்தது. கூட்டை உடைத்தால் மீன் போய்விடும். இப்போது ஜேர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களில் ஆய்வு செய்பவர்கள் முப்பரிமாண அச்சில் செயற்கைக் கூடுகளைச் செய்து தொட்டிகளில் போடுகிறார்கள். மீன்களும் ஏற்றுக்கொள்கின்றன. நீளத்தையும் வாயின் அகலத்தையும் விரும்பியபடி மாற்றிக் கொடுத்து எந்த வீட்டைத் தேர்ந்தெடுக்கிறது என்று பார்க்கலாம். பக்கத்தில் ஜன்னல் வைத்து உள்ளே தாய் என்ன செய்கிறது என்றும் பார்க்கலாம். தம்பி போன்றவர்களுக்கு அவ்வளவு வசதி இல்லை. பிரான்சில் சமைத்துத் தின்னும் நத்தையின் கூடோ, வயல் நத்தையின் கூடோ, வாய் அகலம் சரியாக இருந்தால் போதும்.

ஆக, தொட்டியில் வீட்டுப் பஞ்சமில்லை. வாவியில்தான் கவலை.

கரையிலுள்ள மலைச் சரிவுகளில் காடு வெட்டி, விறகுக்கும் பயிருக்கும் நிலம் எடுக்கிறார்கள். அந்த மக்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். மழை பெய்தால் மண் கழுவுண்டு வாவிக்குள் இறங்குகிறது. நுண்ணிய வண்டல் கூடுகளின் மேலே படிந்து, வாயை அடைத்து, இடுக்குகளை நிரப்பிவிடுகிறது. மல்ட்டிபஸியாட்டஸ் வாயால் மணல் அள்ளிச் சமாளிக்கும். ஆனால் மழைக்கு மழை வந்து இறங்கும் சேற்றுக்கு எத்தனை வாய் வேண்டும்? புருண்டிக் கரையிலும் கிகோமாவை அண்டிய கரையிலும் இந்தப் படிவின் தாக்கத்தை 1990களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. இவ்வளவு ஆழமான வாவியில் மேலேயுள்ள நூறு, இருநூறு மீற்றரில்தான் ஒட்சிசன் இருக்கிறது. அதற்குக் கீழே மீனும் இல்லை, நத்தையும் இல்லை. உயிர்களெல்லாம் பாத்திரத்தின் விளிம்பைப் போல ஒரு மெல்லிய வளையத்தில்தான். மேல்நீர் சூடாகினால் அடிநீரோடு கலப்பது குறைகிறது, ஒட்சிசன் எட்டும் ஆழமும் குறைகிறது. அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் அன்ட்ரூ கோஹனும் அவரோடு சேர்ந்தவர்களும் அடிமண்ணைத் துளைத்தெடுத்துப் படித்து 2016இல் வெளியிட்டார்கள்: அவர்கள் ஆராய்ந்த பகுதிகளில் 1946இலிருந்து ஒட்சிசனுள்ள அடித்தரை 38 வீதம் குறைந்திருக்கிறது.

இவ்வளவையும் திரட்டிக்கொண்டு ஒரு நாள் தமிழ்ப் பாடவேளையில் பாதியை இதற்கு ஒதுக்கினேன். அந்த மகனைக் கூப்பிட்டு முன்னுக்கு இருத்தினேன். தம்பியிடமிருந்து வாங்கிச் சென்ற கூடொன்றையும் வினாகிரிப் போத்தலையும் மேசையில் வைத்தேன். முட்டை ஓடு நுரைத்ததும் வகுப்பே எழும்பி வந்து மேசையைச் சுற்றி நின்றது. நத்தை ஆயிரம் வருடத்துக்கு முன் செத்திருக்கலாம் என்றதும் அவன் கண் விரிந்தது. கூட்டை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்.

“அப்ப புதுசா நத்தை பிறக்குதா, டீச்சர்? இல்லாட்டி இருக்கிற கூடுதானா?”

“பிறக்குது. அந்த நத்தை முட்டை போடாது, குட்டி போடும். அதுவும் ஒட்சிசன் இருக்கிற தரையிலதான் வாழும்.”

“அந்தத் தரைதானே குறையுதெண்டு சொன்னீங்க?”

“ஓம்” என்றேன்.